ஆமா

ஒரு ஞாயிற்றுக்கிழமை வார்டுத் தாதி என்னைத் தேடி வந்தார். பன்னிரண்டாம் கட்டிலில் ஒரு தமிழ்ப் பெரியவராம், வலி இருக்கிறதா என்று கேட்டுச் சொல்ல வேண்டுமாம். நான் பேச்சுச் சிகிச்சைப் பிரிவில் உதவியாளர், சேர்ந்து நான்கு மாதம்தான். ஆனால் சிங்கப்பூரில் வார்டுப் பக்கம் எந்தத் தமிழர் கண்ணில் படுகிறாரோ, அன்றைக்கு அவர்தான் மொழிபெயர்ப்பாளர்.

பெரியவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். மூளையின் இடப்பக்கத்தில் பக்கவாதம். வலக்கை துவண்டு கிடந்தது.

"ஐயா, வலிக்குதா?"

"ஆமா."

"தலையிலயா?"

"ஆமா."

கணீரென்ற ஆமா. அப்படியே சொன்னேன். தலைவலி என்று குறிப்பில் ஏறியது, மாத்திரை வந்தது.

மறுநாள் பேச்சுச் சிகிச்சையாளர் வந்தார். சீனப் பெண்மணி, தமிழ் தெரியாது. கிறுக்குத்தனமான கேள்விகளாகக் கேட்கச் சொன்னார். "ஐயா, இது பள்ளிக்கூடமா?" "ஆமா." "உங்களுக்குப் பத்து வயசா?" அதற்கும் "ஆமா". ஆனால் தலை இடமும் வலமும் வெட்டி வெட்டி ஆடியது, கண்ணில் கோபம். நேற்று அந்தத் தலையை நான் பார்க்கவே இல்லை. குறிப்பைத் திருத்தச் சொன்னபோது நாக்கு ஒட்டிக்கொண்டது.

இதற்கு அஃபேசியா என்று பெயர். புத்தி கலங்குவதோ மறதியோ அல்ல. அவருக்கு எளிய பேச்சு புரிந்தது. பதில் உள்ளே இருந்தது. வாய்க்கு வரும் வழியில்தான் அடைப்பு. எதைச் சொல்ல முயன்றாலும் அந்த ஒரு சொல்லே வந்து விழுந்தது. 1861-இல் பாரிஸில் மருத்துவர் பால் புரோக்கா பார்த்த லெபோர்ன் என்பவருக்கு அது "டான்". சுமார் 21 வருடம் மருத்துவமனையில் இருந்தவர், அந்த ஒற்றை ஒலியோடு. கோபம் வந்தால் மட்டும் ஒரு வசவு முழுசாக வருமாம். அவர் இறந்தபின் மூளையைப் பார்த்தால் இடது முன்பகுதியில் சேதம்.

நம்மவருக்கு வசவு வரவில்லை. ஆனால் எண்ணச் சொல்லி ஆரம்பித்துக் கொடுத்ததும் "சத்து, துவா, தீகா" என்று மலாயில் பத்து வரை ஓடினார். துறைமுகத்தில் மூட்டை எண்ணிய பழக்கம். ஐந்து எங்கே என்று கேட்டால் தனியாக எடுக்க வராது. சத்துவிலிருந்து ஏறித்தான் வர வேண்டும். அவர் மனைவிக்கு ஒரே சந்தோஷம்: "பேச்சு வந்துருச்சு தம்பி!" வரிசை தானாக ஓடுவது வேறு, பேச்சு வேறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிகிச்சையாளர்தான் சொன்னார், நான் தமிழில் கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன்.

அப்புறம் ஒரு வேடிக்கை. வாயை விட்டுத் தலையை நம்பலாம் என்று முடிவானது. எல்லாருக்கும் அப்படி அமையாது, இவருக்கு அமைந்தது. ஆனால் சிகிச்சையாளரின் தாளில் "இல்லை" என்றே குவிந்தது. ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். பெரியவர் தலையைத் தோள்பக்கம் லேசாகச் சாய்த்துச் சாய்த்து ஆட்டினார். நம்மூர் "சரி, சரி". சிகிச்சையாளருக்கு அது மறுப்பாகத் தெரிந்திருக்கிறது! வெட்டி ஆட்டினால் இல்லை, சாய்த்து ஆட்டினால் சரி என்று நானே ஆடிக் காட்டினேன். அவரும் பழகினார், மதிய உணவுக்குக் கூப்பிட்டாலும் அப்படியே ஆட்டுவார்.

வீட்டுக்குப் போகும் நாள். மனைவி பிளாஸ்க்கைத் திறந்து, "தே வேணுமாங்க?" என்றார்.

"ஆமா."

அந்த அம்மா வாயைப் பார்க்கவில்லை. தலை வெட்டி ஆடியது. "சரி, அப்புறம் குடிக்கலாம்" என்று மூடியைத் திருகினார்.