சேர்வராயன் மலையில் ஆவணப்படம்: ஊரின் ஒப்புதல் பெற்ற கதை

சேர்வராயன் மலையில் ஏற்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் (கேரளத்து மலையாளிகள் அல்லர், மலைவாழ் மக்கள்) நில உரிமை குறித்து ஆவணப்படம் எடுக்க முனைந்தபோது, காப்புக்காட்டுக்குள் கேமரா கொண்டு செல்ல வனத்துறை அனுமதி வாங்குவதுதான் பெரும்பாடு என்று சேலத்து நண்பர்கள் எச்சரித்தார்கள். அது கடிதத்தோடும் கட்டணத்தோடும் முடிந்துவிட்டது. நாள் பிடித்தது ஊரின் ஒப்புதல்தான்.

கோயில் திடலில் கூடிய பெரியவர்கள், தாங்கள் பேசுவதை வைத்துத் தங்கள்மேல் யாராவது வழக்குப் போட முடியுமா என்றுதான் முதலில் கேட்டார்கள். நியாயமான அச்சம். தம் நிலத்துக்கு உரிமை கேட்டுக் கொடுத்த மனு நிலுவையில் இருக்கும் ஒருவர், தாம் உழும் இடத்தைக் கேமராவின் முன் காட்டினால் அது அவருக்கு எதிராகவே திரும்பலாம். தனியொருவரின் நிலத்தை அடையாளம் காட்ட மாட்டோம், ஊர் வேண்டாமென்று சொல்லும் பகுதியை நீக்கிவிடுவோம் என்றெல்லாம் எழுதிப் படித்துக் காட்டிய பிறகும் ஒரு மூதாட்டி விடவில்லை: "எடு தம்பி, ஆனா வெளிய கொண்டு போறதுக்கு முன்னாடி எங்களுக்குப் போட்டுக் காட்டிரணும்." அதையும் எழுதிச் சேர்த்த பின்னரே கையெழுத்தானது.

இதற்கிடையில் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் உட்கார்ந்தேன். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இம்மலைக்குக் காபியைக் கொண்டுவந்ததும், 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளைக் காப்புக்காடாக அறிவிக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்ததும் தாளில் தெளிவாகவே இருக்கின்றன. ஆனால் நான் புரட்டிய ஏடுகளில் தோட்டத் துரைகளுக்குப் பெயர் உண்டு, மலையாளிகளுக்கு இனப்பெயர் மட்டுமே உண்டு. அந்தத் தாள்களை மட்டும் நம்பிப் படமெடுத்தால் துரைமார் சொன்ன கதையையே நாமும் திருப்பிச் சொல்வதாகிவிடும்.

காட்டில் தலைமுறைகளாக வாழ்வோரின் உரிமையை ஏற்கும் வன உரிமைச் சட்டம் 2006 இங்கே கைகொடுத்தது. அதன் விதிகள், மனுதாரர் அல்லாத பெரியவர்களின் எழுத்து வாக்குமூலத்தையும், கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் போன்றவற்றையும் சான்றாக ஏற்கின்றன. ஒரு பெரியவர், காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் மூத்தவரின் வழியினர் தாங்கள் என்று சொல்லிக்கொண்டே, சில்வர் ஓக் மரங்களுக்கடியில் பாதி புதைந்து கிடந்த கற்களை அப்படியொரு சான்றாகக் கைத்தடியால் தட்டித் தட்டிக் காட்டினார். அந்தக் காட்சியை நான் எங்கும் வெட்டவில்லை.

திரையிட்டபோது, தேனெடுக்கும் பாதை தெரியும் பகுதியை ஊர் நீக்கச் சொன்னது. படத்தின் அழகான காட்சிகளுள் அதுவும் ஒன்று, நீக்கினோம். வெட்டாத பதிவு முழுவதும் இப்போது ஊரின் வன உரிமைக் குழுவிடம் ஒரு ஹார்டு டிஸ்கில் இருக்கிறது. கற்களைப் பற்றிப் பெரியவர் சொன்னதை இளைஞர் ஒருவர் எழுதி, அவரிடம் கைநாட்டு வாங்கி, ஊருக்கே பொதுவாக உரிமை கேட்கும் சமூக உரிமை மனுவோடு இணைத்திருக்கிறார்.