தம்பியின் கான்ட்ராக்ட் முடிந்த வருடம்

கால்பந்து ஆடுகிற பையன் ஒரு வீட்டில் இருந்தால் எத்தனை கோல் போட்டான், ஏன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள் என்றெல்லாம் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். கான்ட்ராக்ட் என்றைக்கு முடிகிறது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. 2023 ஆகஸ்டில் ஆரம்பித்து அடுத்த வருடம் ஜூலை வரை நாங்கள் அலைந்தது முழுக்க அந்த ஒரு தேதியைச் சுற்றித்தான். காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கமிருந்து இப்போது நிறையப் பையன்கள் அகாடமி, கிளப் என்று போகிறார்கள், அவர்கள் வீட்டில் காகிதம் பார்க்கிற ஆளுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தம்பி லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். வடக்கே ஒரு கிளப்பில் மூன்று வருட கான்ட்ராக்ட், 2024 மே 31-ல் முடிகிற மாதிரி. நான் காரைக்குடியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன், அதனால் வீட்டுக்கு எந்தப் பத்திரம் வந்தாலும் என் கைக்கு வந்துவிடும். கடைசி வருடம் தொடங்குவதற்கு முன்னால், ஆகஸ்டிலேயே, கிளப் நீட்டிப்புக்குப் பேச ஆரம்பித்தது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், நம்ம பிள்ளையை விட மனசில்லாமல் முன்கூட்டியே கேட்கிறார்கள் என்று.

மனசு ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்கு வேறு. ஃபிஃபா விதிப்படி கான்ட்ராக்ட் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே ஆட்டக்காரர் வேறு கிளப்போடு கையெழுத்துப் போடலாம். அதற்கு முன்னால் என்றால் கேட்கிற கிளப் முதலில் இப்போதைய கிளப்புக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டுத்தான் பேச வேண்டும். தம்பிக்கு அந்த ஆறு மாதம் டிசம்பர் 1-ல் ஆரம்பம். அதற்குள் நீட்டித்துவிட்டால் கிளப் பிறகு அவனை வேறு கிளப்புக்கு விற்றுப் பணம் பார்க்கலாம், விட்டுவிட்டால் மே மாதம் கையை வீசிக்கொண்டு போய்விடுவான். லெவாண்டோவ்ஸ்கி ஜெர்மனியில் டார்ட்மண்ட் கிளப்பில் ஆடிக்கொண்டிருக்கும்போதே 2014 ஜனவரியில் போட்டி கிளப்பான பயர்னோடு கையெழுத்துப் போட்டார், சீசன் முடிந்ததும் டார்ட்மண்டுக்கு ஒரு யூரோகூட வராமல் போனார். எம்பாப்பே 2024-ல் பாரிஸ் கிளப்பான பிஎஸ்ஜியை விட்டு ரியல் மாட்ரிட் போனதும் அதே வழியில்தான். பெரிய கிளப்புகள் கடைசி இரண்டு வருடம் வரும்போதே நீட்டிக்கிறதா விற்கிறதா என்று முடிவு செய்யப் பார்ப்பது இதனால்தான். 2025-ல் அலெக்சாண்டர் அர்னால்டின் லிவர்பூல் கான்ட்ராக்ட் ஜூன் 30-ல் முடிய இருந்தது, கிளப் உலகக் கோப்பையில் ஆட அவர் ஒரு மாதம் முன்னதாகவே வேண்டும் என்பதற்காக ரியல் மாட்ரிட் தனியாகப் பணம் கொடுத்தது. ஒரு மாதத்துக்கு அவ்வளவு விலை.

இந்த உரிமை ஒன்றும் சும்மா வந்ததில்லை. பெல்ஜியத்தில் ஜான் மார்க் போஸ்மன் என்ற ஆட்டக்காரருக்கு 1990-ல் கான்ட்ராக்ட் முடிந்தது, புதிதாகக் கொடுத்த கான்ட்ராக்டில் சம்பளம் குறைவு, வேறு கிளப்புக்குப் போகலாம் என்றால் பழைய கிளப் பணம் கேட்கும். கான்ட்ராக்ட் முடிந்த மனிதனுக்கு! அவர் வழக்குப் போட்டு 1995 டிசம்பர் 15-ல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் ஜெயித்தார். அவருடைய ஆட்ட வாழ்க்கை அந்த வழக்கிலேயே கரைந்துபோனது, பலனை அனுபவித்தது அவருக்குப் பின்னால் வந்தவர்கள். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை உண்டு.

சரி, எங்களுக்கு வந்த பேப்பருக்கு வருகிறேன். இரண்டு வருட நீட்டிப்பு, முதல் வருடம் சம்பளம் லேசாகக் கூடும், மூன்றாவது வருடம் 'கிளப்பின் விருப்பப்படி'. தம்பி ராத்திரி போனில், "அக்கா, மூணு வருஷம் உறுதின்னு மேனேஜர் சொல்றாரு" என்றான். உறுதி கிளப்புக்குத்தான்டா, உனக்கு இரண்டே வருடம் என்றேன். நன்றாக ஆடினால் பழைய சம்பளத்திலேயே பிடித்து வைப்பார்கள், காயம் பட்டால் விட்டுவிடுவார்கள், இரண்டுக்கும் அந்த ஒரே வரி போதும்.

அப்புறம்தான் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கான்ட்ராக்டை எடுத்து வரி வரியாகப் படித்தேன். பதினொன்றாம் பக்கத்தில் சம்பளத் தேதிக்கும் ஷூ ஸ்பான்ஸர் விஷயத்துக்கும் நடுவே அதே மாதிரி ஒரு ஆப்ஷன்: 2024 மார்ச் 31-க்குள் எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்தால் கிளப் ஒரு வருடம் நீட்டித்துக்கொள்ளலாம், சம்பளம் 15 சதவீதம் கூடும். இப்படி ஒரு பக்கத்துக்கு மட்டும் இருக்கிற ஆப்ஷன் செல்லுமா என்று ஃபிஃபா தீர்ப்பாயத்திலும் விளையாட்டு நடுவர் மன்றத்திலும் எத்தனையோ வழக்கு வந்திருக்கிறது. சம்பள உயர்வு முதலிலேயே எழுதியிருக்கிறதா, முடிவதற்கு எவ்வளவு முன்னால் சொன்னார்கள், மொத்தக் காலம் நியாயமானதா, அந்த ஷரத்து கண்ணில் படுகிற மாதிரி இருந்ததா என்றெல்லாம் பார்ப்பார்கள். செல்லாது என்று நாமே முடிவு கட்டிவிட முடியாது. அந்த மார்ச் 31-ஐ காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்தோம்.

எங்கள் ஐயாவின் அப்பா மலாயாவில் ஒரு வட்டிக்கடைக்கு அடுத்தாளாகப் போனவர், மூன்று வருடக் கணக்கு. சம்பளம் எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, கணக்கு முடித்துத் திரும்பும்போது என்ன கிடைக்கும் என்பதெல்லாம் கப்பல் ஏறும் முன்பே எழுத்தில் இருக்கும் என்று அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவர்கள் இருந்த எங்கள் ஊரில் பிறந்த பையன் வாய்ப்பேச்சை நம்பி மூன்று வருடம் எழுதிக் கொடுக்கக் கூடாது என்று எனக்குப் பிடிவாதம். ஆப்ஷனை இருவர் சம்மதத்தோடு என்று மாற்றுங்கள், மூன்றாம் வருடச் சம்பளத்தை இப்போதே எழுதுங்கள் என்று பதில் அனுப்பினோம். பார்க்கிறோம் என்றார்கள், பேச்சு அங்கேயே நின்றது.

டிசம்பர் வந்ததும் போன்கள் வந்தன. ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு பேசியவர்களில் பாதிப்பேரிடம் லைசென்ஸ் இல்லை. ஃபிஃபா தேர்வு எழுதிப் பாஸ் செய்தவர்தான் ஏஜென்ட், அவரோடு போடுகிற ஒப்பந்தமும் இரண்டு வருடத்துக்கு மேல் போகக் கூடாது. நம்பர் கேட்டதும் சிலர் போனை வைத்துவிட்டார்கள். கடைசியில் லைசென்ஸ் உள்ள ஒருவரைப் பிடித்தோம். அவர் முதலில் சொன்னது, அவசரத்தில் இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதே. ஒரே காலத்துக்கு இரண்டு கான்ட்ராக்ட் இருந்தால், நடுவில் முறித்துக்கொண்டு போனால், தடையும் இழப்பீடும் வரும். அடுத்த வருடமே, 2024-ல், இந்திய அணியின் தடுப்பாட்டக்காரர் அன்வர் அலி கொல்கத்தாவில் மோகன் பகானை விட்டு ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்குப் போன விவகாரத்தில் இந்தியக் கால்பந்துச் சம்மேளனமான ஏஐஎஃப்எஃப்-பின் குழு செப்டம்பரில் 4 மாதத் தடை விதித்தது, சம்பந்தப்பட்டவர்கள் சேர்ந்து 12.9 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்றது, பிறகு அது டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது.

நடுவில் சம்பளம் நின்றது. ஜனவரி வரவில்லை, பிப்ரவரியும் வரவில்லை. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி இருந்தால் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, குறைந்தது 15 நாள் கெடு வைத்து, அப்போதும் வராவிட்டால் தக்க காரணத்தோடு கான்ட்ராக்டை முடித்துக்கொள்ளலாம் என்று ஃபிஃபா விதி இருக்கிறது, எங்கள் கான்ட்ராக்டிலும் அதே வாசகம் இருந்தது. வக்கீல் மூலம் நோட்டீஸ் போனது. தம்பிக்கு ராத்திரியில் தூக்கமில்லை, டீமை விட்டு எடுத்துவிடுவார்களோ என்று. எடுக்கவில்லை. கெடுவுக்குள் சம்பளம் வந்துவிட்டது, மேட்ச் போனஸ் மட்டும் வரவில்லை.

மார்ச் 31 போனது. ஒரு கடிதம் இல்லை, மெயில் இல்லை. ஏப்ரல் முதல் வாரத்தில் மேனேஜர் போன் செய்து ஆப்ஷனை எடுத்துக்கொள்கிறோம், ஜூலையில் கேம்ப்புக்கு வந்துவிடு என்று சாதாரணமாகச் சொன்னார். தம்பி, அக்காகிட்டப் பேசிட்டுச் சொல்றேன் சார் என்று வைத்துவிட்டான். அன்றைக்கே மெயில் அடித்தோம்: ஷரத்தில் சொன்ன தேதிக்குள் எழுத்துப்பூர்வத் தகவல் வரவில்லை, ஆகவே மே 31-ல் கான்ட்ராக்ட் முடிகிறது. பதில் வந்தது காட்டமாக, ஆனால் தேதியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

ஃப்ரீ ஏஜென்ட், அதாவது எந்தக் கிளப்போடும் கான்ட்ராக்ட் இல்லாத ஆட்டக்காரர், என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஜூன் மாதம் சம்பளம் இல்லை, பிசியோ இல்லை, கிளப்பின் இன்சூரன்ஸும் இல்லை. பிப்ரவரியில் பட்ட ஹாம்ஸ்ட்ரிங் (தொடையின் பின்தசை) வலி முழுசாகப் போகவில்லை. காலையில் கோவிலூர் ரோட்டில் ஓடுவான், தெருவில் பார்க்கிறவர்கள் வேலை போயிடுச்சாமே என்று அம்மாவிடம் விசாரிப்பார்கள். மூன்று நான்கு மாதச் செலவுக்குப் பணத்தை முன்பே ஒதுக்கி வைத்திருந்ததால் தாங்கியது, இல்லாவிட்டால் அந்த மாதத்தில் எந்தப் பேப்பரை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டிருப்போம். 2025 ஜூலையில் ஐஎஸ்எல் என்கிற இந்தியன் சூப்பர் லீக் நிறுத்தி வைக்கப்பட்டபோது, ஏஐஎஃப்எஃப் வணிக உரிமைக்காக 2010-ல் போட்ட 15 வருட ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது என்பதுதான் காரணம், அந்த நேரம் கையில் கான்ட்ராக்ட் இல்லாமல் நின்ற பையன்களை நினைத்து எனக்கு வயிறு கலங்கியது.

ஜூலையில் தெற்கே ஒரு கிளப்போடு முடிந்தது. வாயால் ஒத்துக்கொண்டதும் அம்மா பூஜை ரூமுக்குப் போய்விட்டார், நான் கையெழுத்தாகிப் பதிவாகட்டும் என்றேன். மெஸ்ஸிக்கே 2021-ல் பார்சலோனாவோடு எல்லாம் பேசி முடித்த பிறகு லீகின் சம்பள வரம்பால் பதிவு செய்ய முடியாமல் போனது. இங்கே முதலில் மெடிக்கல். மெடிக்கலில் தேறினால்தான் கான்ட்ராக்ட் செல்லும் என்று எழுதக் கூடாது என்பது ஃபிஃபா விதி, அதனால் விவரம் தெரிந்த கிளப் கையெழுத்துக்கு முன்பே எம்ஆர்ஐ எடுத்துவிடும். ஹாம்ஸ்ட்ரிங்கைப் பார்த்த டாக்டர் ஆறு வாரம் பளு குறைத்துப் பயிற்சி என்று எழுதிக் கொடுத்தார், அந்தச் சீட்டையும் கான்ட்ராக்டோடு இணைக்கச் சொல்லி வாங்கினோம். சம்பளம் எந்தத் தேதிக்குள், காயத்தின்போது முழுச் சம்பளமா, போனஸ் எத்தனை மேட்சுக்கு எவ்வளவு, 10 சதவீத டிடிஎஸ் பிடித்தது போகவா அதற்கு முன்பா, எல்லாம் எழுத்தில் வந்தது. ஆப்ஷன் இருக்கிறது, இருவர் கையெழுத்தும் வேண்டும்.

பழைய கிளப்புக்கு ஒரு ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கவில்லை, தம்பிக்கு 26 வயது. 23 வயது நிறைகிற வருடத்துக்குள் இருக்கிற பையன் என்றால் அவனை வளர்த்த கிளப்புகளுக்குக் கட்டுகிற பயிற்சி இழப்பீடு என்று ஒன்று வரும், புதுக் கிளப் அதை யோசித்தே சம்பளம் பேசும், சின்னப் பையன்களின் வீட்டார் இதை முதலிலேயே ஏஜென்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவு முடிந்த வாரம் பழைய கிளப்பிலிருந்து ஒரு பேப்பர் வந்தது, பாக்கி எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டால் போனஸைப் பார்க்கிறோம் என்று. போனஸ் வந்த பிறகு போடுகிறோம் என்று எழுதினோம். பாதி வந்தது. மீதிக்கு ஏஐஎஃப்எஃப் ஆட்டக்காரர் தகுதிக் குழுவுக்கு மனு போட்டிருக்கிறோம், மேட்ச் ஷீட்டுகளும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் ஃபைலில் இருக்கின்றன.