வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயம்: இரண்டு கால், ஒரே பீடம்

திருநெல்வேலியிலிருந்து தெற்கே வரும் நாற்கரச் சாலையில் காவல்கிணற்றில் பிரிந்தால் வடக்கன்குளம் பக்கம்தான். புனித தேவசகாயத்தை நினைத்துத்தான் இப்போது பலரும் இங்கே வருகிறார்கள். திருவிதாங்கூர் அரண்மனை ஊழியரான நீலகண்ட பிள்ளை 1745 மே 14 அன்று இந்த ஊரில்தான் புட்டாரி சாமியாரிடம் ஞானஸ்நானம் பெற்றார். விவிலியத்தில் வரும் லாசர் என்ற பெயரின் பொருளைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று வைத்தார்கள்.

ஆலயத்துக்குள் நுழைந்ததும் அவர் ஞானஸ்நானம் பெற்ற தண்ணீர்த் தொட்டி எங்கே என்று தேடாதீர்கள். இப்போது நிற்கும் கோயில் சேசு சபையார் கட்டியது, 1872-ஐச் சேர்ந்தது. ஞானஸ்நானத்துக்கு 127 வருஷம் பிந்தியது.

இந்தக் கட்டடத்தில் பார்க்க வேண்டியது அதன் அமைப்பு. சாதாரணப் பங்குக் கோயில் என்றால் நீளமாக ஒரு கூடம், கடைசியில் பீடம், வாசலில் நின்றால் நேர் எதிரே நற்கருணைப் பேழை. சிலுவை வடிவில் கட்டினாலும் நடுக்கூடம் ஒன்றுதான். இங்கே கூடம் இரண்டு. பீடத்திலிருந்து இரண்டு கால்களாக விரிந்து போகின்றன. கால்சட்டையை விரித்துப் போட்டது மாதிரி என்று அந்தக் காலத்திலேயே கேலியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அழகுக்காகச் செய்த வேலை இல்லை இது. பிள்ளைமார், முதலியார் ஒரு கூடத்தில். நாடாரும் மற்றவர்களும் இன்னொன்றில். பூசை ஒன்று, சாமியார் ஒருவர், பீடமும் ஒன்று. ஆனால் ஒரு கூடத்தில் முழங்காலில் நிற்பவர் கண்ணுக்கு அடுத்த கூடத்து ஆள் படக்கூடாது. கணக்கு அவ்வளவுதான். அதை இவ்வளவு கச்சிதமாகக் கட்டி முடித்த கொத்தனாரின் கைத்திறனை மெச்சுவதா, வருந்துவதா என்று தெரியாமல்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

பூசை இல்லாத நேரமாகப் போங்கள். முதலில் ஒரு கூடத்தின் கடைசி வரிசையில் உட்காருங்கள். பீடம் தெரியும், இன்னொரு கூடம் இருப்பதே தெரியாது. ஒரு பக்கமாக வந்து கும்பிட்டுவிட்டு, சின்னக் கோயில்தானே என்று திரும்பிவிடுகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். எழுந்து பீடத்தை நோக்கி நடங்கள். முன்னே போகப் போக மறுபக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். பீடத்தின் அருகே போய்த் திரும்பினால் இரண்டு கூடமும் ஒருசேரக் கண்ணில் விழும். 1872-ல் அந்தக் காட்சி பீடத்தில் நின்ற சாமியாருக்கு மட்டும்தான். கைபேசியில் படம் எடுப்பவர்களுக்கும் இதுவே இடம். வாசலில் நின்று எடுத்தால் பாதிக் கோயில்தான் வரும்.

கூடங்களைப் பிரித்த சுவரை 1910-ல் கௌசானல் அடிகளார் இடித்துத் தள்ளினார். தனி இடம் எங்கள் உரிமை என்று ஒரு தரப்பு வழக்குப் போட்டது. சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் அந்த உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. சுவர் போய்விட்டது. ஆனால் கால் இரண்டும் அப்படியே இருக்கின்றன. வெளிச்சுவரும் கூரையும் அந்த அமைப்பின் மேல்தான் நிற்கின்றன. ஒன்றாக்க வேண்டுமானால் கோயிலையே பிரித்துக் கட்ட வேண்டும்.

சாதி பாராமல் எல்லோரோடும் புழங்கியவர் என்று தேவசகாயத்தைச் சொல்வார்கள். 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் கொடுப்பதற்கு முன்பே, அவர் பெயரோடு ஒட்டியிருந்த ‘பிள்ளை’யை வத்திக்கான் எடுத்துவிட்டது.

தேவசகாயத்தின் மனைவி பார்கவி அம்மாள், ஞானப்பூ என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றவர். கணவர் கொல்லப்பட்ட பிறகு இந்த ஊரிலேயே வாழ்ந்து, இங்கேயே அடக்கமானவர். கோயிலோடு திரும்பிவிடாமல் அவர் கல்லறையிலும் ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டுப் புறப்படுங்கள். அடுத்து ஆரல்வாய்மொழி காற்றாடிமலை, 1752 ஜனவரி 14 அன்று தேவசகாயத்தைச் சுட்டுக் கொன்ற இடம். அங்கிருந்து நாகர்கோவில் போனால் கோட்டாறு சவேரியார் கோயில். தேவசகாயத்தின் கல்லறை அதற்குள் இருக்கிறது.