கரைக்கு வெளியே கிடக்கும் கப்பல்: டைவிங் நாட்குறிப்பு

மார்ச் 8, சனி

எங்கள் டைவிங் வாட்ஸ்அப் குழுவில் நடந்த சண்டையெல்லாம் ஓய்ந்து ஒருவழியாக முடிவாகிவிட்டது. அடுத்த வாரம் சென்னை ஈசிஆர் (ஈஸ்ட் கோஸ்ட் ரோடு) பக்கம் கடலுக்குள் மூழ்கிக் கிடக்கும் ஒரு கப்பலைப் பார்க்கப் போகிறோம். எந்த இடம், கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை இங்கே எழுதமாட்டேன். படகுக்கார அண்ணன் கேட்டுக்கொண்ட ஒரே விஷயம் அதுதான், அவர் தூண்டில் போடும் இடம் அது.

இன்று நீச்சல் குளத்தில் பயிற்சி. மாஸ்க்கில் தண்ணீர் ஏறினால் மூக்கால் ஊதி வெளியேற்றுவது, டேங்கிலிருந்து மூச்சுக்காற்று தரும் ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவினால் கையைச் சுழற்றிப் பிடிப்பது, இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் பயிற்சியாளர் விடவில்லை. பத்து மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரண்டு மடங்கு, இருபதில் மூன்று மடங்கு, டேங்கில் உள்ள காற்றும் அதே கணக்கில் வேகமாகத் தீரும் என்று மறுபடி பாடம் எடுத்தார். கப்பலுக்குள் யாரும் தலையை நுழைக்கக் கூடாது, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்றும் சொன்னார். "உள்ளே புதையல் இருந்தா?" என்று கேட்ட வங்கி நண்பரை யாரும் கண்டுகொள்ளவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

ராத்திரி தூக்கம் வராமல் படித்துக்கொண்டிருந்தேன். சென்னைக் கடலில் கப்பல்கள் மூழ்கியதில் ஆச்சரியமே இல்லை, மூழ்காமல் இத்தனை போய்வந்ததுதான் ஆச்சரியம். இந்த ஊருக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. அந்தக் காலத்தில் கோட்டைக்கு எதிரே திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்பார்கள், கயிற்றால் தைத்த மசூலா படகுதான் ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவரும். ஆணி அடித்த படகாக இருந்தால் அலை மோதி விரிசல் விடும், தைத்தது வளைந்து கொடுக்கும். புயல் வந்தால் கப்பலுக்கு ஒரே வழி, நங்கூரக் கயிற்றை அறுத்துவிட்டு ஆழ்கடலுக்கு ஓடுவது. தாமதித்தவன் கதை முடிந்தது.

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்த கொஞ்ச நாளிலேயே அக்டோபர் புயல் வந்து அவர்கள் கடற்படைத் தளபதி லபூர்தொனேயின் கப்பல்களைச் சிதறடித்தது, சில மூழ்கியே போயின. 1872 மே மாதப் புயலிலும் பல போயின. சரி, துறைமுகம் கட்டலாம் என்று கட்ட ஆரம்பித்தால் 1881 புயல் அதன் அலைத் தடுப்புச் சுவரையே உடைத்துப் போட்டது! 1966 நவம்பர் புயலில் மெரினா பக்கம் தரைதட்டிய ஸ்டமாடிஸ் கப்பலை இன்றும் பெரியவர்கள் நினைவு வைத்துச் சொல்வார்கள்.

நாங்கள் பார்க்கப் போவது எந்தப் புயலில் போனதோ. அண்ணனுக்கும் பெயர் தெரியாது. அவருக்கு அது வெறும் "கப்பல்".

மார்ச் 14, வெள்ளி

காற்று இல்லை. நாளை காலை ஐந்தரைக்குக் குப்பத்தில் இருக்க வேண்டும். ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டில் அந்த நேரத்துக்கு டீக்கடை திறந்திருக்குமா என்பதுதான் இப்போது குழுவில் விவாதம்.

மார்ச் 15, சனி

இன்றுதான் எழுத நிறைய இருக்கிறது.

ஃபைபர் படகை அலை தாண்டித் தள்ளி ஏறியதிலேயே பாதி தெம்பு போய்விட்டது. எங்கள் ஆள் ஒருவர் ஜிபிஎஸ் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அண்ணன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தென்னந்தோப்பும் பின்னால் உள்ள டவரும் ஒரே கோட்டுக்கு வர வேண்டும், வடக்கே பரங்கிமலை ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தை ஒட்டித் தெரிய வேண்டும், இரண்டும் ஒத்துப்போகும் இடம்தான் கப்பல். "எங்கப்பா காட்டின குறி இந்தக் கட்டடம் வந்ததும் மறைஞ்சு போச்சு தம்பி, இப்ப கட்டடத்தையே குறியா வெச்சுக்கிட்டேன்" என்றார். நங்கூரம் போட்டதும் கயிற்றைத் தொட்டுப் பார்த்து, இரும்பில் மாட்டியிருக்கிறது என்று சொன்னார்.

கீழே பதினேழு மீட்டர். பார்வை ஐந்து மீட்டர் இருந்தால் அதிகம். கயிற்றைப் பிடித்தபடி பச்சைத் தண்ணீரில் இறங்கிக்கொண்டே இருந்தோம், ஒன்றுமே தெரியவில்லை, அப்புறம் திடீரென்று கைக்கெட்டும் தூரத்தில் இரும்புச் சுவர். முழுக் கப்பலைப் பார்க்கலாம் என்று வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான், பாதி மணலுக்குள், மீதி தகடு தகடாக உடைந்து கிடக்கிறது. ஆனால் ஒரு வின்ச் (கயிறு சுற்றி இழுக்கும் இயந்திரம்) மட்டும் கெட்டியாக நிற்கிறது, பல்சக்கரம்கூடத் தெரிகிறது, மேலெல்லாம் கொட்டலசு (ஒட்டிக்கொண்டு வளரும் ஓட்டுயிர்). துரு பழுப்பாக இருக்கும் என்றுதானே நினைப்போம், அந்த ஆழத்துக்குச் சிவப்பு நிறம் இறங்குவதில்லை, அதனால் எல்லாம் சாம்பல் நிறம். டார்ச் அடித்ததும் அதே இடம் ஆரஞ்சாக மாறிவிட்டது.

மீன்தான் கண்கொள்ளவில்லை. சுற்றிலும் வெறும் மணல்காடு, இந்த ஒரு இடத்தில் மட்டும் கோயம்பேடு மாதிரி கூட்டம். சங்கரா கும்பலாக நின்றது, தகட்டுக்கு அடியில் ஒரு பெரிய களவா எங்களை முறைத்துக்கொண்டே பின்வாங்கியது, லயன்ஃபிஷ் ஒன்று (முள்ளில் விஷம், கிட்டே போகக் கூடாது) தலைகீழாகத் தொங்கியது. ஒரு பக்கம் முழுக்க அறுந்த நைலான் வலைகள் போர்த்தியிருந்தன. அதில் ஒரு நண்டு மாட்டிச் செத்துக்கிடந்தது. படகை விட்டுப் போன பிறகும் அந்த வலை பிடித்துக்கொண்டேதான் இருக்கிறது.

டேங்கில் காற்றழுத்தம் நூறு பாருக்கு இறங்கியதும் திரும்பினோம். மேலே வருமுன் பாதுகாப்புக்காக ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் கயிற்றில் தொங்கியபோது நீரோட்டம் நன்றாகவே இழுத்தது, கொடிக்கம்பத்தில் கட்டிய துணிகள் போல எல்லோரும் ஒரே பக்கமாகப் படபடத்துக்கொண்டிருந்தோம்.

மேலே வந்ததும் சண்டை. வங்கி நண்பர் ஒரு சின்னப் பித்தளை வளையத்தைக் கையில் வைத்திருந்தார். பயிற்சியாளருக்கு வந்ததே கோபம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொருள் என்றால் 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும், வயது தெரியாத பொருளைத் தூக்குவது அதைவிட முட்டாள்தனம் என்று கத்தினார். எனக்கும் அதே எண்ணம்தான், ஃப்ரிட்ஜ் மேல் வைத்துத் தூசி தட்டுவதற்கா அது? வளையம் திரும்பக் கடலுக்குள் போனது. அவர் வழியெல்லாம் பேசவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

வீடியோவை அண்ணனிடம் காட்டப் போயிருந்தோம். அப்பா காலத்திலிருந்து தூண்டில் போடும் இடம், இன்றுதான் அதைப் பார்க்கிறார். வின்ச்சைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. வலை வந்ததும் நிறுத்தச் சொன்னார். "இந்த நீலக்கயிறு எங்க சித்தப்பா வலைடா" என்று சிரித்தார். பிறகு களவாவைப் பார்த்து, எந்தத் தகட்டுக்குக் கீழே, எந்தப் பக்கம் என்று துருவித் துருவிக் கேட்டார். நாளை அங்கேதான் போவாராம்.

இதற்குக் குழுவில் இப்போது பெரிய புலம்பல், மீனைக் காட்டிக்கொடுத்துவிட்டோமாம். அவர் காட்டாமல் நமக்கு அந்த இடமே தெரியாது, எந்தக் களவாவைப் பிடிப்பது என்று அவருக்கு நாம் சொல்வதா என்று எழுதிப் போட்டேன், இரண்டு பேர் குழுவை விட்டே வெளியேறிவிட்டார்கள். போகட்டும்.

வலைகளை அறுத்து எடுத்தால் அண்ணனுக்கும் நல்லது, தூண்டில் மாட்டாது. அடுத்த சனிக்கிழமை காற்று ஒத்துழைத்தால் அதற்காகவே இறங்குகிறோம். படகு வாடகை வேண்டாம், டீசல் மட்டும் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். நல்ல கத்தி இருப்பவர்கள் கொண்டு வாருங்கள், என்னுடையது நைலானை அறுக்காது.