டைனோ சீட்டில் 142 குதிரை என்றால் அதில் எத்தனை நிஜம்?

மேலூர் பக்கத்துத் தம்பி ஒருவன் போலோ 1.0 டிஎஸ்ஐ வைத்திருக்கிறான், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ உள்ள வண்டி. ரீமேப் போட்டு (பவர் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றி), சித்திரை வெயிலில் கோவை வரைக்கும் ஓட்டிப்போய் டைனோவில் (சக்கரத்தை ரோலர் மேல் சுற்றவிட்டு பவரை அளக்கும் மெஷின்) ஏற்றி, சீட்டைப் படம் பிடித்து அனுப்பினான். சக்கரத்தில் 142 குதிரை. கம்பெனி சொல்வதே 110 பிஎஸ்தான், அதுவும் கிராங்க் கணக்கு, அதாவது சக்கரத்துக்கு வருவதற்குள் கொஞ்சம் குறைவதற்கு முன்னால் இன்ஜினில் இருக்கும் பவர். "சக்கரத்துல 142னா கிராங்க்ல 167 வருதுண்ணே, பதினஞ்சு பர்சென்ட் லாஸ் போட்டுப் பாருங்க" என்று வாய்ஸ் நோட் வேறு.

சீட்டின் கீழ் மூலையைப் பெரிசாக்கி அனுப்புடா என்றேன். பொடி எழுத்தில் இருந்தது: கரெக்‌ஷன் எஸ்டிடி, ஃபேக்டர் 1.11. அதாவது ஊருக்கும் வெயிலுக்கும் ஏற்பத் திருத்த 1.11-ஆல் பெருக்கியிருக்கிறார்கள், ரோலர் அளந்தது கிட்டத்தட்ட 128தான், மீதி 14 குதிரை சூத்திரம் போட்டுக் கொடுத்தது. இது ஏமாற்று வேலை இல்லை, சாஃப்ட்வேரில் இருக்கும் ஒரு செட்டிங், அவ்வளவுதான். ஆனால் டர்போ வண்டிக்கு அந்த 14-ஐ அப்படியே நம்புவது தப்பு.

டர்போ இல்லாத இன்ஜின் சுற்றியிருக்கும் காற்றை அப்படியே உறிஞ்சுகிறது. காற்று லேசானால் பவரும் கூடவே இறங்கும். அதனால் எந்த ஊரில், எந்த வெயிலில் அளந்தாலும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர ஒரு சூத்திரம் வைத்தார்கள். எஸ்ஏஇ ஜே1349 என்ற அளவுகோல் என்றால் 25 டிகிரி வெப்பம், 99 கிலோபாஸ்கல் உலர்ந்த காற்று. எஸ்டிடி என்பது பழைய, இன்னும் தாராளமான அளவு, எஸ்ஏஇ-யை விடக் கிட்டத்தட்ட 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேலே இருக்கிறது, நம்ம மதுரை அதில் மூன்றில் ஒரு பங்கு உயரம்கூட இல்லை. அந்த உயரத்துக்கும் மே மாத வெயிலுக்கும் சேர்த்துத்தான் 1.11 வந்திருக்கிறது.

டர்போ வண்டியில் கதை வேறு. இசியு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், மனசில் ஒரு பூஸ்ட் இலக்கு (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) இருக்கிறது. வெளியே காற்றழுத்தம் குறைந்தால் வேஸ்ட்கேட்டை (புகையை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடும் கதவு) இன்னும் கொஞ்சம் மூடி, டர்போவை வேகமாகச் சுற்றவிட்டு, அந்த அழுத்தத்தைப் பெரும்பாலும் எட்டிவிடும். உயரத்தால் போன பவரை வண்டியே மீட்டுக்கொண்டது, சூத்திரம் அதையே இன்னொரு தடவை சேர்க்கிறது. கொடைக்கானலில், 2100 மீட்டரில், ஒரு டைனோ வைத்தால் ஃபேக்டர் 1.3 பக்கம் போகும். பழைய கார்புரேட்டர் அம்பாசடருக்கு அது நியாயம். டர்போ வண்டிக்குப் போட்டால் குதிரை லாயமே கிடைக்கும்.

வெயில் விஷயம் மட்டும் இவ்வளவு லேசில் முடியாது, ஏனென்றால் சூடு டர்போ வண்டியை நிஜமாகவே அடிக்கிறது, ஆனால் சூத்திரம் நினைக்கிற வழியில் இல்லை. நாலுவழிச் சாலையில் நூறில் போகும்போது இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றை ஆற்றும் ரேடியேட்டர்) மேல் விழும் காற்றுக்கும், தகரக் கொட்டகையில் பம்பருக்கு முன்னால் நிற்கும் ஒரு ஃபேனுக்கும் சம்பந்தமே இல்லை. முதல் ரன்னில் எல்லாம் நன்றாக இருக்கும். உடனே இரண்டு, மூன்று என்று அடித்தால் உள்ளே போகும் காற்று சூடேறிக்கொண்டே போகும், நாக் (சிலிண்டருக்குள் பெட்ரோல் தானாகவே வெடிப்பது) வரும் என்று இசியு இக்னிஷனை, அதாவது தீப்பொறி விடும் நேரத்தை, பின்னுக்கு இழுக்கும், 4500 ஆர்பிஎம்முக்கு மேல் பவர் கோடு தொய்ந்துவிடும். இந்தத் தம்பியின் மூன்றாவது ரன் கோடு அப்படித்தான் இருந்தது. அவன் முதல் ரன்னை மட்டும் ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறான், நானாக இருந்தால் மூன்றாவதைத்தான் உட்கார்ந்து படிப்பேன். நல்ல காற்று விழுந்தால் அதே வண்டி ரோட்டில் டைனோவை விட நன்றாக இழுக்கவும் செய்யும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் டார்க், அதாவது இன்ஜினின் சுழற்றும் விசை. ரோலர் நேரடியாக அளப்பது விசையும் வேகமும், அதிலிருந்து வருவது பவர். டார்க் போட இன்ஜின் ஆர்பிஎம் வேண்டும், அதைப் பிடிப்பதில் கோளாறு இருந்தால் பவர் சரியாக இருந்தும் டார்க் தப்பாக வரும். சரிபார்க்க ஒரே கணக்குப் போதும்: நியூட்டன் மீட்டரை ஆர்பிஎம்மால் பெருக்கி 7121-ஆல் வகுத்தால் குதிரை. 142 குதிரை 5200-இல் என்றால் அந்த இடத்தில் டார்க் 195 பக்கம் இருக்க வேண்டும். இவன் சீட்டில் அது சரியாகத்தான் இருந்தது.

பதினைந்து சதவீதக் கணக்கை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. கியர்பாக்ஸ், டயர் காற்று, வண்டியை டைனோவில் பெல்ட் போட்டு எவ்வளவு இறுக்கிக் கட்டினார்கள் என்று வண்டிக்கு வண்டி மாறுவதை ஒரே எண்ணால் பெருக்கி கிராங்க் பவர் என்று சொன்னால் யாருக்கு லாபம், ட்யூனருக்குத்தான்.

உண்மையில் நான் கேட்டது ஒரே கேள்வி: ரீமேப்புக்கு முன்னால் அதே டைனோவில் ஸ்டாக் ரன் (கம்பெனி மேப்பிலேயே ஓட்டியது) இருக்கிறதா? இல்லை. அப்படியென்றால் எவ்வளவு கூடியது என்று யாராலும் சொல்ல முடியாது, 128-ஓ 142-ஓ எதுவாக இருந்தாலும் சரி. அடுத்த தடவை ஸ்டாக் மேப்பை ஏற்றி முதலில் ஓட்டு, ஆறவிடு, அதே கியரில் ரீமேப் ஓட்டு, கரெக்‌ஷன் இல்லாமல் பிரிண்ட் கேள், பூஸ்டையும் உள்ளே போகும் காற்றின் சூட்டையும் அதே பக்கத்தில் போடச் சொல் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். மார்கழியில் போகிறேன் என்கிறான். ஸ்டாக் ரன்னும் அன்றைக்கே எடுப்பதாக இருந்தால் எப்போது வேண்டுமானாலும் போகலாம், மார்கழி வரை காத்திருக்க வேண்டியதில்லை.