கோட்டையா, டம்ளரா?

பெண்ணுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். சொந்தமாக ஒரு தீம் பார்க், அதற்கு ஒரு பெயர், தூரத்திலிருந்தே கண்ணில் படுகிற ஒரு சின்னம். பெங்களூரு அல்சூர் வீட்டில் மூன்று நாளாக இதே பஞ்சாயத்து.

பெயரில் நான் கறார். முதலாளி வாசம் அடிக்கக் கூடாது. நம்ம பிடதி வொண்டர்லா 2005-இல் வந்தது. அதே ஆட்கள் 2000-இல் கொச்சியில் தொடங்கியதற்கு முதலில் வீகாலேண்ட் என்றுதான் பெயர். அவர்களுடைய வி-கார்டு ஸ்டெபிலைசர்தான் ஞாபகம் வரும். அப்புறம் அதையும் வொண்டர்லா ஆக்கிவிட்டார்கள்.

சின்னத்துக்குக் கோட்டைதான் வேண்டும் என்றாள். கலிபோர்னியா டிஸ்னிலேண்ட் கோட்டையே வெறும் 77 அடிதான், மேலே போகப்போகக் கல்லைச் சின்னதாக்கி உயரமாகக் காட்டுகிறார்கள் என்றேன். முகம் விழுந்துவிட்டது. ரப்பரை எடுத்து அழித்தே விட்டாள். (சொல்லியிருக்க வேண்டாம்.)

இப்போது சார்ட்டில் நிற்பது எங்கள் வீட்டுப் பித்தளை டவரா டம்ளர். டவராவில் படகு, டம்ளருக்குள் லிஃப்ட், நுரையிலிருந்து சறுக்குமரம். பெயர் நுரையூர். விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும் அம்மாவின் பெயரையும் விடாமல் வரைந்திருக்கிறாள்.

"முதலாளி பேர் கூடாதுன்னீங்க, பாட்டி பேர் இருக்கலாமாப்பா?"

அம்மா ஊரிலிருந்து ஞாயிறு வருகிறார். கேட்டுச் சொல்கிறேன்.