தடிமன் என்று நினைத்த காய்ச்சல்

மாரி மழை தொடங்கினால் திருகோணமலையில் எங்கள் உவர்மலை வீட்டில் யாருக்காவது தடிமன் பிடித்துவிடும். அம்மா மல்லியை வறுத்து, வேர்க்கொம்பைத் தட்டிப் போட்டு அவிப்பார். இரவில் நொச்சி இலை போட்டு வேது பிடிப்போம். இந்தக் கைவைத்தியத்தை நம்பித்தான் 2017 கடைசியில் கனடாவுக்குப் போய், ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ட்டில் குடியேறினேன்.

தை மாதம் ஒரு பிற்பகல், வேலையிடத்தில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தபோது முதுகெலும்பு முறிவதுபோல வலித்தது. ஒரு மணி நேரத்தில் பல் கிட்டும் அளவுக்குக் குளிர். அன்றிரவு அம்மாவை அழைத்தேன்.

"தம்பி, நுளம்பு கடித்ததா? இரத்தம் சோதித்தாயா?"

அம்மாவின் பயத்தில் நியாயம் இருந்தது. முந்தைய ஆண்டுதான் கிண்ணியாவில் டெங்கு பல உயிர்களைக் கொண்டுபோயிருந்தது. இந்தப் பனியில் நுளம்பு இல்லை என்றேன். "அப்படியென்றால் தடிமன்தான். மல்லி அவித்துக் குடி" என்றார். எங்கள் வீட்டில் காய்ச்சல் என்றால் ஒன்று டெங்கு, இல்லையென்றால் தடிமன். இடையில் இன்புளுவென்சா என்று ஒன்று இருப்பதை நாங்கள் எண்ணிப் பார்த்ததே இல்லை.

சம்பளம் போய்விடும் என்று மறுநாளும் வேலைக்குப் போனேன். திரும்பி வந்து, மேல்மாடி அன்ரி கொடுத்த இரசத்தை அவரது மேசையிலேயே இருமியபடி குடித்தேன். அவருக்கு எழுபது வயது. மூன்றாம் நாள் அவருக்கும் காய்ச்சல். பிறகு நியூமோனியா, ஒன்பது நாள் வைத்தியசாலை. பிழைத்து வந்தார். அந்த இரசக் கிண்ணம் இன்றும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

பக்கத்து மருந்துக்கடையில் இருந்த தமிழ்ப் பெண்தான் எனக்குப் பொறுமையாக விளக்கினார். தடிமன் மெல்ல வரும்: தொண்டை கரகரக்கும், மூக்கு ஒழுகும். இருநூறுக்கும் மேற்பட்ட வைரஸ்கள் அதைக் கொண்டுவரலாம், அவற்றில் ரைனோவைரஸ்தான் முதன்மையானது. இன்புளுவென்சாவோ திடீரென்று ஆளைச் சாய்த்துவிடும். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரவி, பிறகும் ஐந்து முதல் ஏழு நாள்வரை மற்றவர்களுக்குத் தொற்றும். இரண்டும் வைரஸால் வருவதால் அன்டிபயோட்டிக் உதவாது. முதியவர்களுக்கு ஒசெல்டமிவிர் என்ற மருந்து உண்டு. முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். அன்ரியை நாங்கள் கூட்டிப்போனபோது அந்த நேரம் கடந்திருந்தது.

இன்னொன்றையும் அந்த மருந்துக்கடைப் பெண்ணே கண்டுபிடித்தார். நான் டைலனோலும் தடிமன் மாத்திரையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தேன். இரண்டிலும் இருப்பது பரசிட்டமோல்! ஈரலைக் கெடுத்துக்கொள்ள அதைவிடச் சுலபமான வழி இல்லை. புதிதாக வருபவர்கள் பெட்டியில் எழுதியிருப்பதைத் தயவுசெய்து வாசியுங்கள்.

நான் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் 2000ஆம் ஆண்டிலிருந்தே இன்புளுவென்சாத் தடுப்பூசி எல்லோருக்கும் இலவசம். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போட வேண்டும். உடலில் பிடிக்க இரண்டு வாரம் செல்லும். ஐப்பசியில் அன்ரியும் நானும் சேர்ந்தே போவோம். காய்ச்சல் வந்தால் மேலே ஏறமாட்டேன், சாப்பாட்டைப் படியில் வைத்துவிடுவார். மல்லித் தண்ணீரை நான் விடவில்லை. அது வைரஸைக் கொல்லாது, ஆனால் தொண்டைக்கு இதம், உடம்புக்கு நீர்.

இந்த மார்கழியில் ஊருக்கு வந்திருக்கிறேன். அக்காவின் மகளுக்கு இன்று மூன்றாம் நாளாகக் காய்ச்சல். மூக்கு ஒழுகவில்லை, இருமலும் இல்லை. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்கிறாள். பனடோலைத் தவிர வேறெதையும் கொடுக்க வேண்டாம், இபுபுரோபன் கூடவே கூடாது என்று அக்கா சொல்லிவிட்டார். அம்மா மல்லியை அடுப்பிலேயே விட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். இரத்தம் சோதிக்கப் புறப்படுகிறோம்.